தப்பான போப்பின் பக்கம் நின்றவர் எப்படிப் புனிதர் ஆனார்? வின்சென்ட் பெரர் பற்றி ஒரு சந்தேகம்

#1 வடக்குத்தெரு

இரண்டு வாரமாக மண்டையைக் குடையும் சந்தேகம். தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

சியன்னா நகர் கத்தரீனும் வின்சென்ட் பெரரும் ஒரே காலத்து ஆட்கள். அவர் பிறந்தது 1347, இவர் 1350. இரண்டு பேருமே சாமிநாதர் சபை, அதாவது டொமினிக்கன். 1378 இல் ஒரே நேரத்தில் இரண்டு போப்கள் முளைத்தபோது, ரோமில் இருந்த ஆறாம் உர்பான்தான் அசல் என்று கத்தரீன் ராஜாக்களுக்கும் கர்தினால்களுக்கும் கடிதம் மேல் கடிதம் அனுப்பினார். வின்சென்ட்டோ, இல்லவே இல்லை, ஏழாம் கிளமெண்ட்தான் உண்மையான போப் என்று தனி நூலே எழுதினார். இன்று வத்திக்கான் வைத்திருக்கும் பட்டியலில் உர்பான் இருக்கிறார். கிளமெண்ட் பெயர் எதிர்ப்போப் கணக்கில் போய்விட்டது.

ஆக, வின்சென்ட் பிடித்த கட்சி தப்பு. அதில் 35 வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறார். ஆனாலும் 1455 இல் புனிதர் பட்டம் கிடைத்துவிட்டது. எப்படி? கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை.

#2 ஜெபமாலை

தம்பி, ஞானோபதேச வகுப்பில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் இதையே கேட்டு என்னை மடக்கியிருக்கிறான். அன்றைக்கு மணி அடித்ததால் தப்பித்தேன்.

புனிதர் பட்டம் என்பது அந்த ஆள் சொன்னதெல்லாம் சரி என்று குத்தும் முத்திரை கிடையாது. அவருடைய விசுவாசம், ஒழுக்கம், ஜெப வாழ்வு, அவர் மூலம் மக்கள் மனம் திரும்பியது, இதையெல்லாம்தான் பார்ப்பார்கள். போப் யார் என்ற குழப்பத்தில் அவர் வேண்டுமென்று பொய்யைப் பிடிக்கவில்லையே. பிரான்ஸ், ஸ்காட்லாந்து, ஸ்பெயினில் காஸ்தீல், அரகோன் ராஜ்யங்கள் எல்லாம் அவிஞ்ஞோன் பக்கம், அதாவது பிரான்ஸ் பக்கத்து அவிஞ்ஞோன் நகரில் உட்கார்ந்த கிளமெண்ட் பக்கம் போயின. இங்கிலாந்தும் ஜெர்மன் நாடுகளில் பெரும்பாலானவையும் ரோம் பக்கம். ராஜா யாரை ஏற்றாரோ அவரே அந்த ஊர் சனத்துக்குப் போப். கோர்பி ஊர் கொலெத் அம்மாளும் அவிஞ்ஞோன் பக்கம் இருந்தவர்தான், அவரும் புனிதை.

#3 தாளடி

அக்கா சொன்னதில் ஒரு திருத்தம். வின்சென்ட் ராஜா சொன்னதைக் கேட்டு அந்தப் பக்கம் போகவில்லை. அரகோன் அரசர் நான்காம் பேத்ரோ, யார் பக்கமும் சாயாமல் நழுவிக்கொண்டிருந்தார். அவரை அவிஞ்ஞோன் பக்கம் இழுக்கத்தான் வின்சென்ட் 1380 இல் அந்த நூலை எழுதியதே. அப்போது அவருக்கு 30 வயது. வலென்சியாவில் ஒரு நோட்டரியின் மகன், தர்க்கவியலில் ஏற்கெனவே ஆராய்ச்சி நூல்கள் எழுதியவர். பத்திர வாசகத்தை வரிக்கு வரி பார்க்கும் வீட்டுப் பழக்கம் அவர் எழுத்தில் தெரியும் என்பது என் எண்ணம்.

சரி, அந்தத் தேர்தலில் என்ன நடந்தது என்று பார்த்தால்தான் அவர் வாதம் புரியும். 1377 இல்தான் பதினோராம் கிரகோரி அவிஞ்ஞோனை விட்டு ரோமுக்குத் திரும்பியிருந்தார். 1378 மார்ச்சில் இறந்துவிட்டார். அடுத்த போப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடிய கர்தினால்கள் 16 பேர்: பிரெஞ்சுக்காரர் 11, இத்தாலியர் 4, ஸ்பெயின்காரர் ஒருவர். வெளியே ரோம் நகரத்துக் கூட்டம், "ரோமன்காரன் வேண்டும், இல்லையென்றால் இத்தாலிக்காரனாவது வேண்டும்" என்று கத்திக்கொண்டு நிற்கிறது. உள்ளே அவசர அவசரமாகப் பாரி நகரப் பேராயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் கர்தினால்கூட இல்லை. அதை அறிவிப்பதற்குள் கூட்டம் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. பயந்துபோன கர்தினால்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களில் ஒருவரான தெபால்தெஸ்கி என்ற வயதான ரோமன்காரருக்குப் போப் உடையைப் போர்த்தி, இவர்தான் புதுப் போப் என்று காட்டிவிட்டார்கள். அந்தக் கிழவர் "நான் இல்லை, நான் இல்லை" என்று கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

பாரி பேராயர்தான் ஆறாம் உர்பான் ஆனார். எல்லாரும் மரியாதை செய்தார்கள். பிறகு அவர் கர்தினால்களை முகத்துக்கு நேராகத் திட்ட ஆரம்பித்ததும் ஒவ்வொருவராக ரோமை விட்டு நழுவினார்கள். நாங்கள் உயிர்ப் பயத்தில் போட்ட ஓட்டு செல்லாது என்று அறிவித்துவிட்டு, செப்டம்பர் 20 அன்று ஃபோந்தியில் கிளமெண்டைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வின்சென்ட்டின் வாதம் இதுதான்: மிரட்டி வாங்கிய ஓட்டு ஓட்டாகாது. மிரட்டப்பட்டார்களா இல்லையா என்று சொல்லும் தகுதி உள்ளே இருந்த கர்தினால்களுக்கு மட்டுமே உண்டு. தரிசனங்களையும் தீர்க்கதரிசனங்களையும் காட்டி யார் போப் என்று முடிவு செய்யக் கூடாது என்றும் எழுதினார். கத்தரீன் பக்கத்தாரைப் பார்த்துச் சொன்ன மாதிரியே இருக்கும்.

வடக்குத்தெரு, நீங்கள் தப்பு என்று எழுதியதை நான் இவ்வளவு சுலபமாக எழுதமாட்டேன். கண்ணால் பார்த்த சாட்சிகளை நம்பினார். அந்தச் சாட்சிகள் நாலு மாதம் கழித்துப் பேச்சை மாற்றியவர்கள் என்பதை அவர் கொஞ்சம் கூடுதலாகவே மன்னித்துவிட்டார். குறை என்றால் அதுதான்.

#4 பழையசோறு

//தரிசனங்களைக் காட்டி யார் போப் என்று முடிவு செய்யக் கூடாது//

அப்புறம் அவரே தரிசனம் கண்டாரே, அதைச் சொல்லமாட்டீர்களா தாளடி அண்ணே?

1398 அக்டோபரில் அவிஞ்ஞோனில் காய்ச்சலில் சாகக் கிடந்தார். சாமிநாதரும் அசிசி நகர் பிரான்சிஸும் இரண்டு பக்கமும் நிற்க, இயேசுவே வந்து கன்னத்தைத் தொட்டு, போய்ப் பிரசங்கம் செய் என்றாராம். அடுத்த வருஷம் நவம்பரில் கிளம்பியவர் கடைசி வரை ஊர் ஊராக நடந்துகொண்டே இருந்தார். 1412 இல் அவிஞ்ஞோன் பக்கத்துப் போப்புக்கு எழுதிய கடிதத்தில், தன் பெயரைச் சொல்லாமல் 'ஒரு துறவி' கண்டதாக இதைச் சொல்கிறார். அதே கடிதத்தில் இன்னொரு சமாசாரமும் இருக்கிறது: அந்திக்கிறிஸ்து பிறந்துவிட்டான், இப்போது அவனுக்கு 9 வயது ஆகிறது!

அப்படிப் பார்த்தால் 1403 இல் பிறந்த பையன். இன்னும் வரவில்லை. போப் விஷயத்திலும் தப்பு, உலகம் முடிவதிலும் தப்பு. இரண்டு பெரிய கணக்கும் தவறியவர்.

#5 நிலாமுற்றம்

படிப்புக்காக வலென்சியாவில் இரண்டு வருஷம் இருந்தேன். அந்த ஊரில் இவர் புத்தகத்தில் இருக்கும் ஆள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. பழைய நகரத்துக்குள் ஒரு சின்ன சந்துச் சதுக்கம். பெயரைத் தமிழில் சொன்னால் 'கைக்குட்டை அற்புதச் சதுக்கம்'. சந்தைத் திடலில் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தி, ஒரு வீட்டில் பட்டினி கிடக்கிறார்கள், இந்தக் கைக்குட்டையின் பின்னால் போங்கள் என்று வீசினாராம். அது தெருத்தெருவாகப் பறந்து போய் ஒரு மச்சு வீட்டு ஜன்னலுக்குள் நுழைந்தது. உள்ளே பசியில் ஒரு குடும்பம். நடந்ததோ இல்லையோ, அந்தச் சந்து இன்னும் இருக்கிறது. நான் தினமும் காய் வாங்க அந்த வழியாகத்தான் போவேன்.

அவருடைய திருவிழாவை ஈஸ்டர் முடிந்த அடுத்த வாரத் திங்கட்கிழமை அங்கே கொண்டாடுவார்கள். தெருமுனைகளில் மேடை கட்டி, குழந்தைகள் வலென்சியா மொழியில் அவருடைய அற்புதங்களை நாடகமாக நடிப்பார்கள். எல்லா வேஷமும் குழந்தைகளே. ஒன்பது வயசுப் பெண் ஒருத்தி மீசை வரைந்துகொண்டு நகரத் தலைவராக வந்து, வசனம் மறந்து, மேடைக்குப் பின்னால் இருந்த அம்மாவை முறைத்ததை மறக்கவே முடியாது.

பிரசங்கங்களைப் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? "போனா ஜென்ட்!" என்று கூப்பிடுவார். நல்ல சனங்களே என்று அர்த்தம். அவரே கேள்வி கேட்பார், அவரே பதில் சொல்வார், புருஷன் பெண்டாட்டி சண்டையை இரண்டு குரலிலும் நடித்துக் காட்டுவார், சத்தங்களை எல்லாம் வாயாலேயே எழுப்புவார். கூட்டத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டவர்கள் அந்தச் சத்தங்களையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் 600 வருஷம் கழித்தும் அந்த ஆள் பேசுவது காதில் விழுகிறது.

#6 கொத்தனார் மகன்

ரொம்ப நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று ஒரு கேள்விக்காக உள்ளே வருகிறேன். இவருக்குக் கட்டட வேலைக்காரர்களின் பாதுகாவலர் என்று பெயர் உண்டாமே? எங்கள் அப்பா 40 வருஷம் கொத்தனார். மேஸ்திரி ஆன பிறகும் கரண்டியைக் கீழே வைக்காத ஆள். என்ன கதை என்று யாராவது சொன்னால் அவரிடம் சொல்வேன்.

#7 நிலாமுற்றம்

அதுவா! குழந்தைகள் நாடகத்தில் அதிகம் கைதட்டு வாங்கும் கதையே அதுதான் அண்ணா.

இவர் எங்கே போனாலும் அற்புதம், எங்கே போனாலும் கூட்டம். மடத்தில் நிம்மதியே போய்விட்டது. இனிமேல் என்னைக் கேட்காமல் அற்புதம் செய்யக் கூடாது என்று மடத்துத் தலைவர் தடை போட்டுவிட்டார். மறுநாளோ எப்போதோ தெருவில் போகும்போது, உயரத்தில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் ஒருவர் கால் தவறி விழுகிறார். "ஐயா, காப்பாற்றுங்கள்!" என்று கத்துகிறார். வின்சென்ட்டுக்குத் தர்மசங்கடம். கீழ்ப்படிதல் வாக்குக் கொடுத்த துறவி. அண்ணாந்து பார்த்து, "அங்கேயே இரப்பா, அனுமதி கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு மடத்துக்கு ஓடினார். கொத்தனார் அந்தரத்திலேயே நிற்கிறார். விஷயத்தைக் கேட்ட தலைவர், "அவன் அங்கே நிற்பதே அற்புதம்தானே, இன்னும் என்னிடம் எதைக் கேட்கிறாய்?" என்றாராம். பிறகு வந்து பத்திரமாக இறக்கிவிட்டார்.

பார்சிலோனாவில் நடந்தது என்று ஒரு கூட்டம், வலென்சியாவில்தான் என்று இன்னொரு கூட்டம். அதில் சண்டையே வரும்.

#8 பழையசோறு

ஃபைல் நகரும் வரை ஆள் அந்தரத்தில் தொங்க வேண்டும். எந்த நூற்றாண்டாக இருந்தால் என்ன.

#9 தாளடி

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தக் கதையிலேயே அவருடைய மொத்த வாழ்க்கைச் சிக்கலும் இருக்கிறது. மேலே இருப்பவர் சொல்லாமல் ஒரு அடி வைக்காத ஆள், மேலே இருப்பவரே பிரச்சனையாகிவிட்டால் என்ன செய்வார்?

என் முதல் பதிவில் சொன்ன அந்த 1378 தேர்தலில் ஓட்டுப் போட்ட ஒரே ஸ்பெயின்காரர் பேத்ரோ தெ லூனா. வின்சென்ட்டை அவிஞ்ஞோன் பக்கம் கொண்டுவந்ததே அவர்தான். 1394 இல் அந்த தெ லூனாவே பதின்மூன்றாம் பெனடிக்ட் என்ற பெயரில் அவிஞ்ஞோன் போப் ஆனார். வின்சென்ட் அவருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குரு. கர்தினால் பதவி கொடுத்தபோதுகூட வேண்டாம் என்றவர். அவர் படங்களில் காலடியில் சிவப்புத் தொப்பி கிடப்பது அதனால்தான். நடுவில் 1409 இல் பீசாவில் கூடிய சங்கம் இரண்டு பேரையும் நீக்குகிறேன் என்று சொல்லி மூன்றாவதாக ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. நீக்கப்பட்டவர்கள் நகரவில்லை. இரண்டு மூன்றாகியதுதான் மிச்சம்.

1412 இல் காஸ்பே என்ற ஊரில், வாரிசில்லாத அரகோன் சிம்மாசனத்துக்கு யார் என்று முடிவு செய்ய 9 பேர் கூடினார்கள். வின்சென்ட் அதில் ஒருவர், கார்த்தூசியன் துறவியான அவருடைய தம்பி போனிபாஸ் இன்னொருவர். ஃபெர்னாந்தோவைத் தேர்ந்தெடுத்து முடிவை அறிவித்ததும் வின்சென்ட்தான். கத்தலான்காரர்களில் சிலர் அதற்காக இன்றும் அவர்மீது கோபமாக இருப்பார்கள். அது தனிக்கதை, விடுங்கள்.

முக்கியமானது பெர்ப்பிஞ்ஞான் நகரில் நடந்தது. 1415 இல் கொன்ஸ்தான்ஸ் பொதுச்சங்கம் மூன்று போப்களையும் விலக வைத்துவிட்டுப் புதிதாக ஒருவரைக் கொண்டுவரப் பார்க்கிறது. ஒருவர் நீக்கப்பட்டார், ரோம்காரர் தானே விலகினார், பெனடிக்ட் மட்டும் அசையவில்லை. பேரரசர் சிகிஸ்மண்ட் நேரில் பெர்ப்பிஞ்ஞானுக்கு வந்து கெஞ்சினார். ஃபெர்னாந்தோ ராஜா சாகும் தறுவாயில் வந்தார். பெனடிக்ட் சொன்ன நியாயம் பிரமாதமானது: பிளவுக்கு முன்னால் கர்தினாலானவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான், ஆகவே சந்தேகமில்லாத கர்தினால் நான் மட்டுமே, போப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் எனக்கு மட்டுமே! தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். 1380 இல் வின்சென்ட் எழுதிய அதே தர்க்கம், 35 வருஷம் கழித்து இப்படி ஒரு கிழவரின் பிடிவாதமாக வந்து நிற்கிறது.

நவம்பர் 7 அன்று அந்தப் போப் முன்னாலேயே வின்சென்ட் பிரசங்கம் செய்தார். எடுத்துக்கொண்ட வசனம் எசேக்கியேல் 37: உலர்ந்த எலும்புகளே, ஆண்டவரின் வார்த்தையைக் கேளுங்கள். யார் எலும்பு என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பெனடிக்ட் அசையவில்லை, கிளம்பிப் பெனிஸ்கோலா கோட்டைக்குப் போய்விட்டார். 1416 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். அரகோன் இனி பெனடிக்ட்டுக்குக் கீழ்ப்படியாது என்ற ஆணையைத் திரண்டிருந்த சனத்தின் முன்னால் வாசித்தது வின்சென்ட். தானே கட்டிய வீட்டைத் தானே இடித்த நாள். அதிலும் பாருங்கள், பெனடிக்ட் போப்பே இல்லை என்று அவர் அன்று சொல்லவில்லை. சபை ஒன்றாவதற்காக விலக மறுப்பவருக்குக் கீழ்ப்படியத் தேவையில்லை என்பதுதான் அவர் நிலை.

அதன் பிறகு அவர் வலென்சியாவுக்குத் திரும்பவே இல்லை.

#10 வடக்குத்தெரு

தாளடி அண்ணா, இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் 'கட்சி' என்று எழுதியது தப்பு. முழுக்க நம்பிய ஒன்றை 65 வயதில் ஊர் முன்னால் கைவிடுவது லேசான காரியம் இல்லை.

பெனடிக்ட் என்ன ஆனார்?

#11 தாளடி

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமேல் கோட்டை. அங்கே உட்கார்ந்துகொண்டு 1423 இல் சாகும் வரை தானே போப் என்றார். ஸ்பானிய மொழியில் பிடிவாதக்காரனைத் 'தன் பதின்மூன்றிலேயே நிற்கிறான்' என்பார்கள். அது இந்தப் பதின்மூன்றாம் பெனடிக்ட்டிலிருந்து வந்தது என்பது ஊர்ப் பேச்சு.

#12 எழில்

எல்லாரும் போப் கதையிலேயே நிற்கிறீர்கள். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பழையசோறு இரண்டு கணக்கு தவறியது என்றார். மூன்றாவதாக ஒன்று உண்டு. அதில் அவர் கணக்கு தவறவே இல்லை, நினைத்தது அப்படியே நடந்தது. அதுதான் பயங்கரம்.

யூதர்களைச் சொல்கிறேன். 1391 இல் செவில் நகரில் ஆரம்பித்த படுகொலை ஜூலை 9 அன்று வலென்சியாவுக்கு வந்தது. யூதர் தெரு சூறையாடப்பட்டது, உயிருக்குப் பயந்து ஏராளமானோர் ஞானஸ்நானம் வாங்கினார்கள். இதைத் தூண்டியது வின்சென்ட் இல்லை. அதற்கு வருஷக்கணக்கில் எண்ணெய் ஊற்றியவர் செவில் மறைமாவட்டத்தின் ஃபெர்ரான் மார்த்தினஸ். யூதரைக் கத்தியால் அல்ல, வார்த்தையால்தான் வெல்ல வேண்டும் என்று வின்சென்ட் பிரசங்கத்தில் சொன்னதும் உண்மை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த வார்த்தையைக் கேட்க யூதர்களை ஆள் வைத்து இழுத்து வந்து உட்கார வைத்தார்கள். 1411 இல் காஸ்தீல் முழுக்கச் சுற்றினார், அய்யோன் ஊரில் அரசவையைச் சந்தித்தார். அடுத்த ஜனவரியில், 1412 இல், வயாதோலித் சட்டங்கள் வந்தன. யூதர் தனிச் சேரியில் இருக்க வேண்டும், சுற்றிச் சுவர், ஒரே வாசல். கிறிஸ்தவர்களுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது, மருந்து விற்கக் கூடாது, உணவுப் பொருள் விற்கக் கூடாது. தாடி, முடி வெட்டக் கூடாது. பெயருக்கு முன்னால் 'தோன்' என்ற மரியாதைச் சொல் கூடாது. முஸ்லிம்களுக்கும் இதே மாதிரிக் கட்டுப்பாடுகள். எல்லாம் குழந்தை ராஜா பெயரில், ராணி கத்தலீனா போட்ட சட்டம். பின்னால் வின்சென்ட்டின் பேச்சு இருந்தது என்பதை வரலாற்றுக்காரர்களில் பெரும்பாலானோர் ஏற்கிறார்கள்.

தொலேதோவில் சாந்தா மரியா லா பிளாங்கா என்று ஒரு கட்டடம். வெள்ளைத் தூண்கள், குதிரை லாட வடிவ வளைவுகள், பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. யூதத் தொழுகைக்கூடமாகக் கட்டியது. அதை மாதா கோயிலாக மாற்றியது வின்சென்ட் என்பது அந்த ஊர் மரபு. பெயரே சொல்கிறதே.

கையில் கத்தி இல்லை, சரி. தொழில் போய், வீடு போய், சுவருக்குள் அடைத்து, ஒரு வாசல் மட்டும் வைத்து, அந்த வாசலில் ஞானஸ்நானத் தொட்டியை வைத்தால் அதற்குப் பெயர் என்ன?

#13 ஜெபமாலை

எழில், இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை மா. அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்க எனக்கும் மனசு வரவில்லை. அவர் மனப்பூர்வமாக ஆத்துமங்களைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். உலகம் சீக்கிரம் முடியப்போகிறது, அதற்குள் எல்லாரையும் கரையேற்ற வேண்டும் என்ற அவசரம்.

அவரிடம் ஜெபிப்பதை நான் நிறுத்தப்போவதில்லை. ஆனால் ஏப்ரல் 5 அன்று அவர் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்தப் பகுதியை விட்டுவிட்டுத்தான் இத்தனை வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். அதை எழுதிப் பார்க்கும்போது நெருடுகிறது.

#14 பழையசோறு

எழில் சொன்னதோடு என் நாலாவது பதிவைச் சேர்த்துப் படியுங்கள். அந்திக்கிறிஸ்து பிறந்துவிட்டான் என்று உறுதியாக நம்புகிறவனுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? நான் சும்மா கேலிக்கு எழுதினேன். இப்போது யோசித்தால் உலக முடிவுக் கணக்கு தப்பானதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடிவேர்.

படங்களில் அவருக்குத் தேவதூதன் மாதிரி இறக்கை போட்டு வரைவார்கள். கடவுளுக்கு அஞ்சுங்கள், தீர்ப்பு நேரம் வந்தாயிற்று என்று திருவெளிப்பாடு 14 இல் பறந்துகொண்டே அறிவிக்கும் தூதன் இவர்தான் என்று. நோட்டரி வீட்டுப் பையனுக்கு இறக்கை முளைத்தால் ஆபத்துதான்.

#15 பனைமரத்தான்

எல்லா மதத்துக்காரனும் அப்படித்தான். இந்தப் பாதிரிகள் மட்டும் என்ன

[இந்தப் பதிவின் மீதி நீக்கப்பட்டது: நெறியாளர்]

#16 நெறியாளர்

பனைமரத்தான், இழை 14 ஆம் 15 ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. நீங்களும் அங்கேயே இருங்கள். மற்றவர்கள் தொடரலாம்.

#17 தாளடி

முதல் கேள்வி பாக்கி இருக்கிறது, எப்படிப் பட்டம் கிடைத்தது என்று. எழில் எழுதியதைப் படித்த பிறகு இதைச் சொல்வது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் பட்டம் கொடுக்கும்போது அந்த விஷயம் குறையாகவே கருதப்படவில்லை. யூதரை மனம் திரும்பச் செய்தார் என்று பெருமையாகத்தான் எழுதினார்கள்.

கடைசிக் காலத்தில் அவர் பிரான்ஸின் வடமேற்கு மூலையில் இருக்கும் பிரிட்டனி பக்கம் போனார். கால் முடியாமல் கழுதைமேல்தான் பயணம். காலையில் திடலில் மர மேடை போடுவார்கள், பாட்டுப் பூசை, பிறகு மணிக்கணக்கில் பிரசங்கம். மாலையில் முதுகில் அடித்துக்கொண்டு போகும் ஊர்வலம். இந்தச் சவுக்கடிக் கூட்டத்தைக் கொஞ்சம் கட்டுப்படுத்துங்கள் என்று பாரிஸ் இறையியலாளர் ஷான் ஜெர்சோன் 1417 இல் கொன்ஸ்தான்ஸிலிருந்து கடிதமே போட்டார். சங்கத்துக்கு நேரில் வரச்சொல்லி அழைப்பும் இருந்தது. இவர் போகவில்லை. அங்கே நவம்பரில் ஐந்தாம் மார்ட்டின் போப்பாகித் தகராறு முடிந்தபோது இவர் ஏதோ ஒரு ஊர்த் திடலில் பேசிக்கொண்டிருந்திருப்பார். 1419 ஏப்ரல் 5 அன்று பிரிட்டனியில் வான் (Vannes) என்ற நகரில் இறந்தார். அந்த ஊர்ப் பேராலயத்தில்தான் கல்லறை.

பிரிட்டனியில் விசாரணை 1453 இல் ஆரம்பித்து அடுத்த வருஷம் முடிந்தது. 300 பேருக்கு மேல் சாட்சி சொன்னார்கள். பிரெட்டன் மொழி தவிர வேறு தெரியாத சனம், வலென்சியா மொழியில் பேசியவரைப் புரிந்துகொண்டோம் என்று சத்தியம் செய்தது. நிலாமுற்றம் சொன்ன அந்த நடிப்பையும் சத்தங்களையும் வைத்துப் பார்த்தால் எனக்கு அது அவ்வளவு ஆச்சரியமாக இல்லை. அற்புதங்களில் பிரபலமானது துண்டு போடப்பட்ட குழந்தை. புத்தி பேதலித்த தாய் ஒருத்தி தன் குழந்தையை வெட்டிவிட, வின்சென்ட்டின் பெயரைச் சொல்லி வேண்டியதும் துண்டுகள் ஒன்று சேர்ந்து உயிர் வந்தது. படம் வரைந்த இடமெல்லாம் இதுவும் இருக்கும். மூன்று துண்டாக வெட்டிக் கிடந்த சபையை ஒட்ட வைத்தவர் என்று காட்ட இதைவிட நல்ல படம் கிடைக்குமா? அதனால்தான் அது பரவியது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

இனி அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் யார் என்று பாருங்கள். மூன்றாம் கலிஸ்து, இயற்பெயர் அல்ஃபோன்சோ போர்ஜா, வலென்சியாக்காரர். சின்னப் பையனாக இருந்தபோது, நீ என்னைக் கௌரவிக்கும் நாள் வரும் என்று வின்சென்ட் அவரிடம் சொன்னதாகக் கதை. கதை கிடக்கட்டும். பெனடிக்ட் செத்த பிறகும் பெனிஸ்கோலாவில் அவருக்கு ஒரு வாரிசுப் போப் இருந்தார். 1429 இல் அவரிடம் பேசி ராஜினாமா வாங்கியது இதே போர்ஜா. அதற்குப் பரிசாகத்தான் வலென்சியா ஆயர் பதவி கிடைத்தது. 1455 ஏப்ரலில் போப் ஆனார், ஜூன் 29 இல் வின்சென்ட்டுக்குப் பட்டம். அதாவது அவிஞ்ஞோன் பக்கம் நின்ற ஊரின் பிள்ளை, அந்தக் கதையின் கடைசிக் கதவைத் தானே சாத்தியவர், தன் ஊர்க்காரர் ஒருவரைப் பீடமேற்றுகிறார். நீங்கள் தப்பான கட்சி என்று கேட்ட கேள்வியை அந்த அறையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், வடக்குத்தெரு. கேட்டால் பாதிப் பேர் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

#18 வடக்குத்தெரு

போதும் அண்ணா, என் சந்தேகம் தீர்ந்தது. எழில் கேட்டது தீரவில்லை. அதற்குத் தனி இழை வேண்டுமா?

#19 எழில்

வேண்டாம், இங்கேயே இருக்கட்டும். பிரித்துவிட்டால் அவரைத் தேடி வருகிறவர்கள் கொத்தனார் கதையோடு போய்விடுவார்கள்.

#20 கொத்தனார் மகன்

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன், அந்தரத்தில் நின்ற கதையை மட்டும். கையில் எடுத்த கவளத்தை வைத்துவிட்டுக் கேட்டார். மடத்துத் தலைவர் சொன்ன பதிலுக்குச் சிரிக்கக்கூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தச் சாரத்தைக் கட்டினவன் யாருன்னு அதுல போட்டிருக்கா?" என்றார். இல்லை என்றேன். "முடிச்சை ஒழுங்காப் போட்டிருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார்.